பஸ்ஸில் வந்த ஹாலிவுட்

படத்துக்கும் வயது உண்டு என்பது, பதுளையில் ஒரு ஞாயிறு பகல் காட்சியில் கரண்டு போனபோதுதான் எனக்கு உறைத்தது.

அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. தியேட்டர் வாசலில் பசை காயாத போஸ்டர் இருந்தால் அது புதுப்படம், அவ்வளவுதான். அன்று திரையில் ஒரு பெண் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். ஆனாலும் அவள் கழுத்தில் விழுந்த வெளிச்சத்துக்கே முன்வரிசை முழுக்க விசிலடித்தது. அவள் பாதிப் படியில் நிற்கும்போது கரண்டு போனது.

தகரக் கூரையில் மழை. இருட்டில் கச்சான் கடலைக் கோது நொறுங்கும் சத்தம். பின்வரிசையிலிருந்த ஜவுளிக்கடை முதலாளி யாரிடமென்று இல்லாமல் சொன்னார்:

"எங்க உம்மா கல்யாணம் முடிக்க முந்திப் பாத்த படம் இது. இவ இப்ப கெழவியாகியிருப்பா."

"உசுரோட இருக்காளோ என்னமோ" என்றது இன்னொரு குரல்.

"அடப் பாவிகளா, கெழவிக்கா இவ்வளவு நேரம் விசிலடிச்சீங்க?"

தியேட்டரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. இவள் யார்? எந்த ஊர்? அந்தப் படியில் இறங்கியபோது என்ன வயது, அப்புறம் என்ன ஆனாள்? நான் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்குமோ என்று நான் பதறிக்கொண்டிருக்கிறேன். கரண்டு திரும்பி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இவர்களைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழில் எழுதப் போகிறேன். அதுதான் என் தொழில்.

அப்போது எனக்குத் தொழில் என்று எதுவும் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பதுளைக் கடைத்தெருவில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து, நாலைந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியில் இருந்தாள். ஞாயிறு லீவு கிடைத்தால் என்னோடு படத்துக்கு வருவாள். வந்தால் பேசாமல் பார்க்கமாட்டாள்.

புதுப் படங்கள் வராத காலம் அது. கப்பலில் அரிசியே ஒழுங்காக வரவில்லை, படமா வரும்? கொழும்புக் களஞ்சியத்தில் கிடந்த பழைய ஆங்கிலப் படங்களை எடுத்துத் தூசி தட்டி மலைநாட்டுக்கு அனுப்பினார்கள். பாண் வாங்க வரிசை, மாவு வாங்க வரிசை, அதற்குப் பிறகு பழைய படம் பார்க்க வரிசை. எனக்கு அது அதிர்ஷ்டம். வெளியே சொல்ல முடியாத அதிர்ஷ்டம். தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகள் பாலில்லாத வெறும் சாயத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போகிற நாளில், ஹாலிவுட்டைப் பற்றிப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லையே என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

படிப்பதற்கும் வழி பிறந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். பங்களா அலமாரிகளில் கிடந்த ஆங்கிலச் சினிமா சஞ்சிகைகளைத் துரைசானிமார் கொண்டுபோகவில்லை. அவை பங்களாவிலிருந்து பழைய பேப்பர்க் கடைக்கு வந்தன, கடையிலிருந்து கச்சான்காரரிடம் போயின. பதுளை பஸ் நிலையத்தில் கச்சான் வாங்கினால் ஏதாவது ஒரு நடிகையின் விவாகரத்துச் செய்தி கையில் கிடைக்கும். பாதிச் செய்திதான். மீதி வேறு யாருடைய கச்சானோடோ போயிருக்கும். கச்சான்காரரிடம் பேசி, கட்டாகவே வாங்கி, பழைய தினசரிகளைப் பதிலுக்குக் கொடுத்தேன்.

"இது பொடிசா இருக்கு தம்பி, சுருட்டுனா கச்சான் கீழ கொட்டுது. ஒங்க பேப்பருதான் வாட்டம்" என்று அவரும் சந்தோஷப்பட்டார்.

என் அறைக்குள் அப்போது நடக்க இடமில்லை. பேசும் படம் வந்த காலத்துப் பக்கங்கள் கட்டிலில், ஸ்டூடியோ ஒப்பந்தங்கள் பற்றியவை ஜன்னல் படியில், கல்யாணம் விவாகரத்து எல்லாம் கட்டிலுக்குக் கீழே. அக்கா வந்தால் வாசலிலேயே நிற்பாள்.

"வார்டுலகூட இப்படிக் குப்பை இல்லடா. யாருக்கு என்னா நோயின்னு பாத்து வேற வேற எடத்துல போட்டு வச்சிருக்க."

முதல் கட்டுரை, பேசும் படம் வந்ததும் குரல் சரியில்லை என்று வேலை போன நடிகர்களைப் பற்றியது. கொழும்பிலிருந்து வரும் ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். போட்டார்கள். இரண்டாவது கட்டுரை ஒப்பந்தங்களைப் பற்றியது. ஏழு வருடத்துக்கு நடிகரைக் கட்டிப்போடுவார்களாம். வேறு ஸ்டூடியோவில் நடிக்க வேண்டுமென்றால் இவர்கள் இரவல் கொடுத்தால்தான் உண்டு. கங்காணி காலத்தில் 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் ஓர் ஆள் தோட்டம் மாற முடியாது என்று கேள்விப்பட்டு வளர்ந்தவன் நான். இரண்டும் ஒன்றுதானே என்று எழுதினேன். அதையும் போட்டார்கள். இன்னும் நன்றாக ஒன்று எழுதினால் வாராவாரம் ஒரு பக்கம் தருவதைப் பற்றி யோசிக்கலாம், அலுவலகத்திலும் வேலை இருக்கிறது என்று ஆசிரியர் அஞ்சலட்டை போட்டார்.

மடுல்சீமையில் அப்பாவும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துக் கிளாக்கரய்யாவிடம் சொல்லி, மேல் பிரிவுக்குக் கணக்கப்பிள்ளையாக என்னைப் போட ஏற்பாடு செய்துவிட்டார். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"வெள்ளக்காரி எத்தன கல்யாணம் பண்ணுனா நமக்கு என்னாப்பா? காலையில பெரட்டுக்கு வந்து நின்னு ஆள் பேரு கூப்புடு. அது வேல."

எனக்குக் கேட்டதெல்லாம் மாசக் கடைசி என்ற சொல் ஒன்றுதான். அதற்குள் மூன்றாவது கட்டுரை வர வேண்டும், ஆசிரியருக்குப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மேல் பிரிவு, மழை, பெரட்டு.

அந்தச் சமயத்தில்தான் விளக்குக்காரர் படம் வந்தது. கடலோரக் கலங்கரை விளக்கத்தில் வேலை செய்கிற ஒருவரின் குடும்பக் கதை. அக்காவோடு போனேன். பதுளையில் ஆங்கிலப் படம் பார்க்கும்போது எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. என் வரிசைக்கும் முன்பின் வரிசைகளுக்கும் வசனத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். நான் வந்துவிட்டேனா என்று பார்த்து இடம் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். புரியாத இடத்தில் நிறுத்தமாட்டேன், பொருத்தமாக எதையாவது சொல்லிவிடுவேன்.

படம் எடுத்த எடுப்பிலேயே புயல். பெயர்கள் ஓடவில்லை, அது வழக்கம்தான், பழைய பிரதிகளில் முதல் துண்டு எப்போதோ அறுந்து போயிருக்கும். நரைத்த விளக்குக்காரர் படகில் போகிறார், திரும்பவில்லை. பெட்டி, பாதிரியார், மண். மனைவி வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். விளக்குப் போட்டார்கள், இடைவேளை. அதன் பிறகு ஒரு நடனக் கூடம். வாட்டசாட்டமான இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணோடு ஆடுகிறான்.

"டேய்" என்றாள் அக்கா. "இப்பதான பொதைச்சாங்க? எழும்பி வந்து டான்ஸ் ஆடுறான்."

"பேசாம பாரு. பொஞ்சாதி நெனச்சுப் பாக்குறா."

"இவ்வளவு நேரமா நெனப்பா?"

"அது கலை அக்கா."

பின்வரிசையிலிருந்து, "அண்ணே, என்னா நடக்குது? செத்தவருக்குத் தம்பியா இது?" என்று ஒருவர் கேட்டார். "இல்லங்க, அவரேதான். அந்தம்மா மனசுல ஓடுது" என்றேன். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. "மனசுல ஓடுதாம், மனசுல ஓடுதாம்." அதன் பிறகு தியேட்டர் அமைதியாகிவிட்டது. கல்யாணம் நடந்தது, குழந்தை பிறந்தது. கடைசியில் அவர்கள் மூவரும் கோபுரத்தின் மேல் நின்று முதன்முறையாக விளக்கை ஏற்றினார்கள். வெளிச்சம் கடல் மேல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் தியேட்டரில் 'முற்றும்' என்ற எழுத்தை யாரும் பார்த்ததில்லை. தோட்டத்துக்குப் போகிறவர்கள் பஸ் பிடிக்க ஓடவேண்டும் என்று கொஞ்சம் முன்னாலேயே விளக்கைப் போடுவது வழக்கம்.

நான் ஓடவில்லை, பறந்தேன். சாவில் தொடங்கி விளக்கேற்றுவதில் முடிக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அன்றே எழுதி முடித்தேன். அந்த இயக்குநரைத் தூக்கி வைத்தேன். காலத்தைத் தலைகீழாக நிறுத்தியவர் என்றேன். இன்றுள்ளவர்களுக்கே வராத துணிவு என்றேன். தபால் கந்தோர் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன்.

இதழில் முழுப் பக்கம் போட்டார்கள். ஆசிரியரிடமிருந்து அட்டை வந்தது: இந்தக் கட்டுரையைப் பற்றித்தான் இங்கே பேச்சு, உடனே புறப்பட்டு வரவும். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதுளை முழுக்கச் சுற்றினேன். அந்த வாரம் அதே படம் பண்டாரவளையில் மறுபடி ஓடுகிறது என்று தெரிந்தது. கொழும்புக்குப் போகும் முன் இன்னொரு தடவை பார்க்கலாமே என்று அக்காவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பண்டாரவளையில் படம் நடனக் கூடத்தில் தொடங்கியது.

"ரீலை மாத்திப் போட்டுட்டானுங்க" என்றேன். எழுந்து சத்தம் போடப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உக்காருடா. யாரு மாத்திப் போட்டாங்கன்னு மொதல்ல பாப்போம்."

நடனம், கல்யாணம், குழந்தை, விளக்கேற்றம், இடைவேளை. பிறகு நரை, புயல், படகு, பெட்டி, பாதிரியார். மனைவி வீட்டைப் பூட்டினாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்க, அவள் முகத்தின் மேலேயே, பெரிய எழுத்தில், முற்றும் என்று ஆங்கிலத்தில் வந்தது. இந்தத் தியேட்டரில் அதைக் காட்டினார்கள்.

சாதாரணப் படம். ஆயிரம் படத்தில் ஒன்று. ஆடினான், மணந்தான், செத்தான். எந்தத் துணிச்சலும் இல்லை.

வெளியே வந்தோம். மரக்கறி லொறிகளுக்கு நடுவே நடக்கும்போது அக்கா மெதுவாக, "அந்தம்மா மனசு இன்னைக்கு நேரா ஓடுச்சு போல" என்றாள். பிறகு அடக்க முடியாமல் நடுரோட்டில் நின்று சிரித்தாள். எனக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது. சிறிது நேரத்தில் நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை.

பதுளைக்குத் திரும்பியதும் நேராகத் தியேட்டருக்குப் போய், வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. ஒரே பிரதி, இரண்டு தியேட்டர். பண்டாரவளையில் காலையில் முதல் பாதி ஓடி முடிந்ததும் அந்தப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றுவார்கள்; இரண்டாம் பாதி அடுத்த பஸ்ஸில் வரும். அது எப்போதும் நடப்பதுதான்.

"அன்னைக்கு மொதப் பெட்டி வந்த பஸ் தெமோதரைக்கிட்ட படுத்திருச்சு. ரெண்டாவது பெட்டி வந்த பஸ் அத முந்திருச்சு. சனம் கத்துது. வந்ததப் போட்டோம். மத்தது இடைவேளைக்குத்தான் வந்து சேந்துச்சு."

"யாரும் ஒன்னும் கேக்கலயா?"

"கேப்பாங்கன்னுதான் பயந்தோம். நீங்கதான் நல்லா வெளக்கம் சொன்னீங்களாமே தம்பி. எல்லாரும் திருப்தியாப் போனாங்க."

அன்று அறைக்குப் போகவில்லை. கடைத்தெருவில் கீழும் மேலுமாக நடந்தேன். ஒரு கட்டுரை மட்டும் பிழை என்றால் தேவலை. என் பையில் நாலாவது கட்டுரை இருந்தது, ஒரு படத்தில் பாதியிலேயே காரணமில்லாமல் காணாமல் போகிற ஒரு பெண் பாத்திரத்தைப் பற்றி. அவள் காணாமல் போவதில் என்ன ஆழம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அவள் எந்த பஸ்ஸில் விடுபட்டாளோ! நான் இதுவரை பார்த்த படங்களில் எது முழுசு, எது நேர்? என்னை நம்பிப் பின்வரிசை வரை போனதெல்லாம் என்ன?

காலை ரயிலில் கொழும்புக்குப் போனேன். மறுநாள் ஆசிரியரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். மேசை முழுக்க அச்சுத்தாள். நிமிர்ந்து பார்த்தார்.

"நீர்தானோ அது? ஒரு நாப்பது வயசு ஆளெண்டெல்லோ நினைச்சன். இரும்."

இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பெட்டி, தெமோதரை, படுத்த பஸ், முந்திய பஸ். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப நீர் எழுதின அந்தப் பெரிய துணிச்சல், பஸ் சாரதியின்ர துணிச்சலோ?"

"ஆமாங்க."

இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆருக்குத் தெரியப் போகுது? விட்டிடும்" என்றார்.

"பண்டாரவளைல ஒரு தியேட்டர் முழுக்கத் தெரியுங்க. இனிமே எந்தப் படத்த நம்பி எழுதுறதுன்னு எனக்கே தெரியல."

அவர் சிரிப்பு நின்றது. "படத்தை ஒழுங்காப் பாக்காத ஆளுக்கு நான் வாராவாரம் பக்கம் தரேலாது. அது விளங்குதோ?"

"விளங்குதுங்க."

"இந்தப் பிழையை எழுதும். இப்ப சொன்ன மாதிரியே எழுதும், அதே அளவு இடம் தாறன். அதுக்குப் பிறகு நீர் என்னத்தைக் கொண்டு வாறீர் எண்டு பாப்பம். வேலையைப் பற்றி இப்ப நான் ஒண்டும் சொல்லேலாது."

வேலை இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை. படியிறங்கியபோது கால்கள் தாமாகவே படச்சுருள்கள் வைத்திருக்கும் களஞ்சியத்தை நோக்கி நடந்தன. ஒரு படத்தையாவது முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற வெறி. அங்கிருந்தவர் உள்ளே விடவில்லை. ஆனால் பேசினார். படம் முதலில் கொழும்பில் ஓடும், பிறகு கண்டி, அட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை. அறுந்த இடத்தில் வெட்டி ஒட்டுவார்கள். பிடிக்காத காட்சியை ஓட்டமாட்டார்கள். அவசரமென்றால் ஒரு சுருளை விட்டுவிடுவார்கள்.

"மேல ஏறிப் போற படம் கீழ வரும்போது மெலிஞ்சுதான் வரும்" என்றார்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ரயிலில் பதுளை வரும்வரை ஒரு இடத்தில் உட்காரவில்லை, கதவில் நின்றே வந்தேன். ஹாலிவுட்டில் எப்படி எடுத்தார்கள் என்று அங்கே ஆயிரம் பேர் எழுதுவார்கள். எடுத்தது எங்கள் கண்ணுக்கு வந்து சேர்ந்தது எப்படி? அதை அங்கே இருக்கிற யாருக்கு எழுதத் தெரியும்? இன்னொன்றும் அரித்தது. பதுளையில் நாங்கள் பார்த்ததுதான் நல்ல படம். அதை நான் கனவு காணவில்லை. ஒரு தியேட்டர் முழுக்கச் சாட்சி.

மடுல்சீமையில் பஸ்ஸிலிருந்து இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரம். அப்பா தராசுக்குப் பக்கத்தில் நின்றார், பெண்கள் கூடையோடு வரிசையில். நான் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"கிளாக்கரய்யாகிட்ட என்னா சொல்லட்டும்?"

"வேற ஆளப் பாக்கச் சொல்லுங்கப்பா."

"கொழும்புல வேல குடுத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"படப் பெட்டி கொழும்புலேருந்து கெளம்புதுல்ல, அதுகூடவே வரப்போறேன். ஒவ்வொரு ஊரா. எங்க என்னா வெட்டுறாங்க, எத மாத்துறாங்கன்னு பாக்கணும்."

வரிசையில் நின்ற ஒருத்தி, "பொட்டிக்குக் காவலாளியாத் தம்பி?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கூடையைத் தொங்கவிட்டார், முள்ளைப் பார்த்தார், இறக்கினார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அடுத்த கூடை வருவதற்குள் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"அந்த வெளக்குக்காரன் கடேசியில செத்துட்டானா, இல்லியா?"

அவர் என் கட்டுரையைப் படித்திருக்கிறார்.

"பண்டாரவளைல செத்துட்டாருப்பா. பதுளைல இல்ல."

"ம்" என்றார். மேல் பிரிவுக்குக் கிளாக்கரய்யா வேறு ஆளைப் போட்டுவிட்டதாக அந்த வாரமே அக்கா வழியாகத் தகவல் வந்தது. அப்பா அதற்கு மேல் பேசவில்லை. நான் தோட்டத்துக்குப் போனால் இன்னும் பேசுவதில்லை.

பிழையை எழுதி அனுப்பிவிட்டேன். இன்னும் அச்சாகவில்லை. அதற்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. களஞ்சியத்துக்காரருக்கு எழுதிக் கேட்டதில், வருகிற திங்கட்கிழமை ஒரு பழைய கப்பல் படம் மலையேறுகிறது என்று சொல்லியிருக்கிறார். ரயிலில் படப்பெட்டி ஏறும் இடத்தில் என்னையும் ஏறவிடுவார்களா என்று தெரியாது. விடாவிட்டால் டிக்கெட் எடுத்துப் பக்கத்து ரயில் பெட்டியில் உட்காருவேன். அதற்கு முன் கொழும்பில் ஒரு தடவை முழுசாகப் பார்க்க வேண்டும். பிறகு கண்டியில், பிறகு அட்டனில். அட்டனில் என்னைப் போல வசனத்தைத் தமிழில் சொல்கிற ஒருவன் எந்த வரிசையிலாவது இருப்பான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் என்ன சொல்கிறான் என்று வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும்.